சார்புத் திசைவேகத்தை அம்புக்குறியால் புரியவைத்த துணைப்பாட வகுப்பு

தொடக்கக் கல்லூரி முதலாம் ஆண்டில் படிக்கும் என் மகள் சார்புத் திசைவேகக் கணக்குகளில் (நகரும் ஒருவருக்கு இன்னொரு பொருள் எந்த வேகத்தில், எந்தத் திசையில் போவதாகத் தெரியும் என்ற கணக்குகளில்) தொடர்ந்து தடுமாறியதால், சிங்கப்பூரில் தேக்காவுக்கு அருகில் நடக்கும் ஓர் இயற்பியல் துணைப்பாட வகுப்பில் அவளைச் சேர்த்தோம். எட்டு வாரம் கழித்து இதை எழுதுகிறேன்.

பொருளின் திசைவேகத்திலிருந்து பார்ப்பவரின் திசைவேகத்தைக் கழிக்க வேண்டும் என்ற விதி அவளுக்கு மனப்பாடம். ஆனால், கழிப்பது என்றால் பார்ப்பவரின் திசைவேகத்தைக் குறிக்கும் அம்பைத் திருப்பிப் போட்டுக் கூட்டுவதுதான் என்பது பிடிபடவில்லை. ஆசிரியர் சூத்திரத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒவ்வொரு கணக்கின் முதல் வரியிலும் “பார்ப்பவர் யார்?” என்று எழுதச் சொன்னார். மழை நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் செங்குத்தாக விழுகிறது, பேருந்து கிழக்கே 6 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டு, கண்ணாடித்தாளில் சிவப்பு மையால் வரைந்த பேருந்தின் அம்பை 180 பாகை திருப்பி, அதன் வால் மழை அம்பின் முனையைத் தொடும்படி வைத்துக் காட்டினாராம். பயணிக்கு அந்த மழை நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில், செங்குத்திலிருந்து சுமார் 37 பாகை பின்னோக்கிச் சாய்ந்து விழுவதாகத் தெரியும். அன்றிரவே சாப்பாட்டு மேசையில் அதை எனக்கு வரைந்து காட்டினாள்.

அதைவிட நல்ல பாடம் படகுக் கணக்கு. சாங்கி முனையிலிருந்து புலாவ் உபினுக்குப் போகும் படகு அசையாத நீரில் நொடிக்கு 4 மீட்டர் செல்லும், குறுக்கே நீரோட்டம் 3 மீட்டர் என்றால், நேர் எதிரே போய்ச் சேர என்ன செய்ய வேண்டும்? என் மகள் வழக்கம்போல் 5 என்றே விடை எழுதினாள். அது படகு நேரே முகம் காட்டி, நீரோடு ஒதுங்கிப் போகும்போது கிடைக்கும் வேகம். நேராகச் சேர வேண்டுமானால், முகப்பை நீரோட்டத்துக்கு எதிராக ஏறக்குறைய 49 பாகை திருப்ப வேண்டும். அப்போது 4 என்பது கர்ணமாகிவிடுவதால், கடக்கும் வேகம் ஏழின் வர்க்கமூலம், அதாவது சுமார் 2.6 மீட்டர்தான். எந்தப் பக்கம் கர்ணம் என்பதைப் படமே சொல்லும் என்று அவர் பொறுமையாக மூன்று முறை வரையவைத்தார். அவள் தயங்கிய இடத்தில் தமிழிலும் விளக்கினார்.

குறை ஒன்று உண்டு. செங்கோணம் அமையாத முக்கோணங்களுக்குத் தேவைப்படும் கோசைன் விதியைக் கடைசி அரை மணி நேரத்தில் அவசரமாக முடித்துவிட்டார்கள். பயிற்சித்தாள்களிலும் விடைகள் மட்டுமே இருக்கின்றன, படங்கள் இல்லை. படத்தில்தான் பிழை நேரும் ஒரு பாடத்துக்கு இது போதாது. கேட்டதும் ஆசிரியர் தம் கைப்பட வரைந்த படங்களை அனுப்பிவைத்தார்.

அடுத்த பருவத்துக்கும் பதிந்துவிட்டோம், கோசைன் விதிக்குத் தனியாக ஒரு வகுப்பு வேண்டும் என்ற கோரிக்கையோடு.