ஏ.சி. மெக்கானிக் படிப்புக்குக் கட்டிய 85,000 ரூபாய் போனது: தனியார் தொழிற்பயிற்சியில் பிள்ளைகளைச் சேர்ப்பவர்கள் கவனிக்கவும்

நேற்று மாலைதான் கடைசியாகப் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். ஒரு ரூபாய்கூடத் திரும்பாது. இன்னொரு வீட்டுப் பணமும் அங்கே போய்விடக் கூடாது என்பதால் உடனே எழுதுகிறேன். சேரும் முன் பார்க்க வேண்டியவற்றைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நகரத்துக்குள், மாடியில் நான்கு அறைகளில் நடக்கும் சிறிய தொழிற்பயிற்சி நிலையம் அது. பத்தாம் வகுப்பு முடித்த தம்பியை அழைத்துப் போயிருந்தேன். முதல்வர் எழுந்து நின்று வரவேற்றார். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அங்கீகாரக் கடிதம். நான் அதைப் பார்ப்பதைக் கவனித்தவர், கழற்றி என் கையிலேயே கொடுத்தார். "நன்றாகப் பாருங்கள் அம்மா, மத்திய அரசு அங்கீகாரம். மற்ற இடங்களில் இரண்டு வருடம் இழுப்பதை நாங்கள் ஒரே வருடத்தில் முடித்துவிடுவோம்" என்றார். கையில் கொடுக்கிறவர் பொய் சொல்வாரா என்று நினைத்துவிட்டேன். முத்திரையைத்தான் பார்த்தேன், வாசகத்தைப் படிக்கவில்லை. சீட்டு எடுத்த பணத்தில் அன்றே 45,000 கட்டினேன். பிறகு இரண்டு தவணையாக 40,000. ஆக 85,000 ரூபாய்.

வகுப்புக்கு இருபது பேர் என்றார்கள். உட்கார்ந்திருந்தது ஐம்பது பேருக்கு மேல். பள்ளி முடித்த பிள்ளைகள், கல்லூரியைப் பாதியில் விட்டவர்கள், இரவு வேலை முடித்துத் தூக்கக் கண்ணோடு வருபவர்கள். அத்தனை பேருக்கும் ஒரே ஒரு ஸ்பிளிட் ஏ.சி.; அதிலும் கேஸ் இல்லை. செம்புக் குழாயின் வாயை விரித்து நட்டுப் பூட்டுவது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. அந்தக் கருவி தம்பியின் கைக்கு வருடம் முழுவதும் மூன்றே முறைதான் வந்தது.

அகில இந்தியத் தொழிற்தேர்வுக்கு ஹால் டிக்கெட் வரவே இல்லை. நிலையமே அச்சடித்த ஒரு சான்றிதழைக் கொடுத்து அனுப்பினார்கள். அப்ரண்டிஸ் பயிற்சிக்குப் போன இடத்தில், "இது என்.டி.சி. (தேசியத் தொழிற்சான்றிதழ்) இல்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஓடிப்போய்ச் சுவரில் இருந்த கடிதத்தை அன்றுதான் படித்தேன். அது வெல்டர் பிரிவுக்கு மட்டும் கிடைத்த அங்கீகாரம்! அங்கீகாரம் ஒவ்வொரு தொழிற்பிரிவுக்கும் தனித்தனியாகத் தரப்படுவது. வெல்டர் ஓராண்டுப் படிப்பு. குளிர்சாதனத் தொழில்நுட்பம் ஈராண்டு. ஒரே வருடத்தில் முடிப்போம் என்று அவர் சொன்னபோதே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

பணத்தைக் கேட்டால் முதலில் கணக்காளர் விடுப்பில் இருந்தார். அடுத்த முறை, தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறோம் என்றார்கள். எந்தத் தலைமை அலுவலகம்? அந்த நான்கு அறைகள்தானே எல்லாம்! நேற்று, அன்று எழுந்து நின்று வரவேற்ற அதே மனிதர், செல்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே என் ரசீதைத் திருப்பிப் பின்பக்கத்தில் விரலை வைத்தார். கட்டிய கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது என்று எறும்பு எழுத்தில் ஒரு வரி. முன்பக்கத்திலோ படிப்பின் பெயர்கூட இல்லை, 'பயிற்சிக் கட்டணம்' என்று மட்டும். 85,000 ரூபாய்!

விவரமாக எழுத மனம் ஓடவில்லை. அங்கீகாரக் கடிதத்தில் உங்கள் தொழிற்பிரிவின் பெயர் இருக்கிறதா என்று படியுங்கள். படிப்பின் பெயர் இல்லாத ரசீதை வாங்காதீர்கள். முன்பணம் கட்டும் முன் பட்டறைக்குள் போய்க் கருவிகளை எண்ணுங்கள். தமிழ்நாட்டில் அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணமே இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. முதலில் அங்கே விண்ணப்பியுங்கள். தம்பி அடுத்த சேர்க்கைக்கு அங்கேதான் விண்ணப்பிக்கப் போகிறான், மறுபடியும் முதலாண்டிலிருந்து.