நெட்டில் பஸ் டைம் தேடி நாலு வருஷம்

கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு பார்க்கிறேன். வீடு நாச்சியார்கோவில் தாண்டி எரவாஞ்சேரி போகும் பாதையில், மெயின் ரோட்டை விட்டு ஒரு கிலோமீட்டர் உள்ளே. வாரத்தில் இரண்டு நாள் கடையின் தஞ்சாவூர்க் கிளைக்கும் போய் வர வேண்டும். 2021 மே மாதம் அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்தார்கள். சில நாளிலேயே முழு ஊரடங்கு, வண்டியே ஓடவில்லை. ஓட ஆரம்பித்ததும் ஸ்கூட்டியை ஓரங்கட்டிவிட்டு பஸ்ஸுக்கு மாறியவள்தான், நாலு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இதற்குள் எத்தனை தளம், எத்தனை ஆப், எத்தனை வீடியோ பார்த்திருப்பேன் என்று கணக்கு எழுதுகிற எனக்கே கணக்கில்லை.

ஆரம்பத்தில் போனில் தேடினால் முதலில் எது வருகிறதோ அதை அப்படியே நம்பினேன். ஒரு தளத்தில் பட்டியல் அவ்வளவு அழகாக இருக்கும், கிளம்பும் நேரம், சேரும் நேரம், நடுவில் எந்தெந்த ஊர் என்று கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள். கும்பகோணத்திலிருந்து எங்கள் பக்கம் கடைசி வண்டி இரவு 9.40 என்று அதில் இருந்தது. ஒரு நாள் தஞ்சாவூரில் கணக்கு முடிய நேரமாகி, அதான் 9.40 இருக்கிறதே என்ற தைரியத்தில் நிதானமாகக் கிளம்பி, 9.20க்கு கும்பகோணத்தில் வந்து இறங்கினேன். பத்து மணி வரை நின்றேன். பூக்கடை அக்கா மிச்சப் பூவை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டே, "எந்த வண்டிக்கும்மா நிக்கிற?" என்றார். சொன்னேன். "அது கொரோனாவுக்கு முன்னாடியே நின்னு போச்சேம்மா." ஆட்டோவுக்கு நானூறு ரூபாய். வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தை மறுபடி திறந்து அடிவரை தேடினேன். அது எந்த வருஷத்துப் பட்டியல் என்று ஓர் இடத்திலும் இல்லை.

அன்றிலிருந்து தேதி இல்லாத டைமை நம்புவதில்லை. ஆனால் நெட்டில் இருக்கிற பட்டியல்களில் பாதிக்கு மேல் தேதியே கிடையாது, ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. ஒரே எழுத்துப்பிழை மூன்று தளத்தில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் நானே தேதி கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டேன். எப்படி என்றால், அதே தளத்தில் வேறு ஊர்களைத் திறந்து பார்ப்பேன். மாயவரத்தை நாகப்பட்டினம் மாவட்டம் என்று போட்டிருந்தால் அது 2020 டிசம்பருக்கு முந்தியது, அந்த மாதம்தான் தனி மாவட்டம் ஆயிற்று. சென்னைக்குப் போகிற வண்டி எல்லாம் கோயம்பேடு வரை என்று இருந்தால், கிளாம்பாக்கம் புது பஸ் ஸ்டாண்ட் வருவதற்கு முன்னால் எழுதியது, அது திறந்தது 2023 டிசம்பர் கடைசியில். திருச்சிக்கான பட்டியலில் அங்கே புது பஸ் ஸ்டாண்ட் வந்த பஞ்சப்பூர் என்ற பெயரே இல்லையென்றால் 2025 ஜூலைக்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. இந்த மூன்றிலும் தேறிய தளம் என் அனுபவத்தில் ஒன்றே ஒன்று. அதிலும் எங்கள் ஊர் இல்லை.

பெயர்க் குழப்பம் தனிக் கதை. பஸ் போர்டில் 'குடந்தை' என்று இருக்கும், நெட்டில் கும்பகோணம் என்று போட்டால்தான் வரும். வாய் 'மாயவரம்' என்கிறது, பட்டியல் மயிலாடுதுறை என்கிறது. நாகை, தஞ்சை, மன்னை எல்லாம் இதே கேஸ்தான். திருவாரூரை ஆங்கிலத்தில் அடிக்கும்போது 'டி'க்கு அப்புறம் 'எச்' சேர்த்தால் ஒரு பட்டியல் வரும், சேர்க்காவிட்டால் வேறொரு பட்டியல் வரும், இரண்டுக்கும் சம்பந்தம் இருக்காது. இதைவிட ஆபத்து ஒரே பெயரில் இரண்டு ஊர். சென்னையிலிருந்து என் பெரியம்மா குருப்பெயர்ச்சிக்கு ஆலங்குடி வரக் கிளம்பினார். வலங்கைமான் பக்கத்தில் இருக்கிற குரு கோவில் ஆலங்குடி. ஆப் அவருக்குக் காட்டியது புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடியை. "திருச்சி போயி அங்கேருந்து மாறணுமாமே, அவ்ளோ தூரமாடி?" என்று போன் செய்து கேட்டதால் தப்பித்தோம், இல்லாவிட்டால் குரு ஒரு பக்கம், பெரியம்மா ஒரு பக்கம். பாபநாசமும் அப்படித்தான், எங்கள் பாபநாசத்தைத் தேடினால் பாதி நேரம் திருநெல்வேலிப் பக்கத்து அருவி படம் வந்து நிற்கும்.

அடுத்தது 'வழி'. கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு பாபநாசம், அய்யம்பேட்டை வழியாகவும் போகலாம், சுவாமிமலை, திருவையாறு வழியாகவும் போகலாம், இப்போது நாலுவழிச் சாலை வேறு இருக்கிறது. அதில் ஏறிவிட்ட வண்டி பாபநாசத்துக்குள் வராது. பட்டியலில் மூன்றுக்கும் 'கும்பகோணம் – தஞ்சாவூர்' என்றுதான் இருக்கும். அய்யம்பேட்டையில் நிற்பவருக்கு அந்தப் பட்டியலால் என்ன பிரயோஜனம்? தஞ்சாவூரில் பழைய பஸ் ஸ்டாண்டா, புது பஸ் ஸ்டாண்டா என்பதும் இருக்காது. இரண்டுக்கும் நடுவில் இன்னொரு டவுன் பஸ் பிடிக்க வேண்டிய தூரம்.

என்னைப் போல ஆட்களுக்கு இன்னொரு கேள்வி உண்டு. அந்த நேரத்துக்கு வருவது டவுன் பஸ்ஸா, வெளியூர் போகிற மொபசலா, பிரைவேட்டா? கட்டணம் இல்லாதது சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மட்டும்தான். 7.35க்கு ஒன்று, 7.42க்கு ஒன்று என்று பட்டியலில் இருந்தால் எனக்கு வேண்டியது அந்த ஏழு நிமிஷ வித்தியாசம் இல்லை, எதில் டிக்கெட் எடுக்க வேண்டும், எதில் வேண்டாம் என்பது. மாதக் கடைசியில் அது பெரிய விஷயம். இத்தனை வருஷத்தில் இதைப் பிரித்துக் காட்டிய ஒரு பட்டியலை நான் பார்க்கவில்லை. என் அம்மா இன்னும் "சோழனா, பிரைவேட்டா?" என்றுதான் கேட்பார். சோழன் போக்குவரத்துக் கழகம் என்ற பெயர் 1997இலேயே போய்விட்டது, அம்மாவுக்குப் போகவில்லை. ஆனால் கேள்வி சரியான கேள்வி.

அரசுப் பேருந்து முன்பதிவு தளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னை, பெங்களூரு போவதற்கு அதில் பார்க்கும் நேரத்தை நம்பலாம், ஏனென்றால் சீட்டு விற்கிறார்கள், நேரம் தப்பினால் சண்டை வரும். ஆனால் முன்பதிவு உள்ள வண்டி மட்டும்தான் அதில் வரும். கும்பகோணம் – நீடாமங்கலம், திருவாரூர் – குடவாசல் மாதிரி தினசரி ஆட்கள் போகிற வண்டி அதில் இருக்காது, அதற்காக உண்டாக்கியதும் இல்லை. இது தெரியாமல் அங்கே போய்த் தேடிவிட்டு 'பஸ்ஸே இல்லை' என்று முடிவு கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ரயிலில் போகிறவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. 'வேர் ஈஸ் மை ட்ரெயின்' ஆப்பைத் திறந்தால், நெட் இல்லாவிட்டாலும் டவரை வைத்தே வண்டி குத்தாலம் தாண்டிவிட்டது, ஆடுதுறை வரப்போகிறது என்று சொல்லிவிடும். சென்னையில் மாநகரப் பேருந்துக்கும் 2022இல் அதே மாதிரி ஆப் வந்துவிட்டது. என் தம்பி சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறான். அவனிடம் இதைச் சொல்லிப் புலம்பியபோது ஜிடிஎஃப்எஸ் என்று ஒன்றைக் காட்டினான். மேப்பில் பஸ் நேரம் தெரிவதற்காக 2005இல் அமெரிக்காவில் போர்ட்லாந்து ஊரில் தொடங்கிய முறையாம். பெரிய வித்தை எதுவும் இல்லை. நிறுத்தங்களுக்கு ஒரு கோப்பு, பாதைகளுக்கு ஒன்று, வண்டி போகிற ஒவ்வொரு தடவைக்கும், அதாவது நடைகளுக்கு, ஒன்று, எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு என்று ஒன்று, எல்லாம் வெறும் கமா போட்ட டெக்ஸ்ட். எக்ஸெல்லில் திறந்து பார்த்தேன், எங்கள் கடை ஸ்டாக் லிஸ்ட்டைவிடச் சுலபம். அதில் காலண்டர் என்று ஒரு கோப்பு இருக்கிறது. இந்த நேரம் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும், எந்தெந்தக் கிழமை ஓடும் என்பது அதில். அதைப் பார்த்ததும் எனக்கு அந்த நானூறு ரூபாய்தான் ஞாபகம் வந்தது.

சரி, இப்போது நான் எதை வைத்துப் போகிறேன் என்று சொல்கிறேன்.

ஆச்சரியமாக இருக்கும், நெட்டில் கிடைத்ததிலேயே உருப்படியானது பஸ் ரசிகர்கள் போடுகிற வீடியோ. பஸ் ஸ்டாண்டுக்குள் நடந்துகொண்டே எடுப்பார்கள். நமக்கு அந்தப் பாட்டும் ஹாரனும் வேண்டாம், சத்தத்தைக் குறைத்துவிட்டு, சுவரில் எழுதியிருக்கிற கால அட்டவணை வரும் இடத்தில் நிறுத்திப் பெரிதாக்கினால் போதும். வீடியோ ஏற்றிய தேதி கீழேயே இருக்கிறது. கருத்துப் பகுதியில் "அண்ணா, 5.50 இப்ப இல்ல" என்று யாராவது ஒரு பையன் எழுதியிருப்பான், அவனை நம்பலாம். பஸ் வெறி பிடித்தவர்கள் நேரத்தில் பொய் சொல்வதில்லை.

பிரைவேட் பஸ் நேரத்தை நான் நிமிஷம் தப்பாமல் எடுத்துக்கொள்கிறேன். காரணம் ஒழுக்கம் இல்லை, போட்டி. பர்மிட்டிலேயே நேரம் குறித்திருக்கும், முன்னால் ஒரு வண்டி, மூன்று நிமிஷம் பின்னால் ஒரு வண்டி. ஒரு நாள் காலை மொபசல் ஸ்டாண்டில் பார்த்தேன். ஒரு வண்டி எடுக்க வேண்டிய நேரம் தாண்டியும் நிற்கிறது, டிரைவர் கியரைப் போட்டுப் போட்டு உறுமிக்கொண்டிருக்கிறார், ஆள் ஏறிக்கொண்டே இருக்கிறது. பின்வண்டி கண்டக்டர் இறங்கி ஓடி வந்து, பக்கவாட்டுத் தகரத்தில் பட்பட்டென்று தட்டி, "அண்ணே, மணி என்ன ஆச்சு? உன் டைம் முடிஞ்சு ரெண்டு நிமிஷம் ஆச்சுண்ணே, என் ஆளையும் சேத்து ஏத்துற!" என்று கத்தினார். டைம் கீப்பர் கூண்டுக்குள்ளிருந்து விசில். வண்டி கிளம்பிவிட்டது. இப்படி ஆளுக்கு ஆள் காவல் இருக்கிற நேரத்தை எந்த ஆப்பும் கொடுக்காது. அரசு வண்டியில் இந்த நெருக்கடி குறைவு, கிராமத்து நடை என்றால் பத்து நிமிஷம் முன்பின் வைத்துக்கொள்வேன்.

உள்ளூருக்குள் வருகிற வண்டிக்கு ஒரு சூத்திரம் உண்டு, நைட் ஹால்ட். ராத்திரி கடைசியாக வருகிற டவுன் பஸ் எங்கள் பக்கத்து ஊரிலேயே தங்கிவிடும், டிரைவரும் கண்டக்டரும் அங்கேயே படுத்துக்கொள்வார்கள், அதே வண்டிதான் விடியற்காலை முதல் நடை. அதனால் ராத்திரி வண்டி உள்ளே போகிற சத்தம் கேட்டால் காலை 5.25 உறுதி. கேட்காவிட்டால் அலாரத்தை இருபது நிமிஷம் முன்னால் வைத்து மெயின் ரோட்டுக்கு நடக்க வேண்டியதுதான். இது எந்தத் தளத்திலும் கிடையாது, எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

தினசரி ஆட்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். ஒரு நர்ஸ், இரண்டு டீச்சர், காலேஜ் பிள்ளைகள், பத்திர ஆபீஸுக்குப் போகிற ஒரு தாத்தா. முதலில் ஏறுகிறவர் 'ஏறிட்டேன்' என்று ஒரே வார்த்தை போட வேண்டும், அவ்வளவுதான் விதி. குட் மார்னிங் படம் போட்டால் தாத்தா திட்டுவார். இந்த ஒரு வார்த்தைதான் எங்களுக்கு ஜிபிஎஸ். குறை என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை யாரும் போவதில்லை, அதனால் ஞாயிறு நேரம் எங்களுக்கே தெரியாது.

திருவிழாக் காலத்தில் எந்தப் பட்டியலையும் மூடி வைத்துவிடுங்கள். ஆகஸ்ட் 29லிருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி, அப்புறம் நாகூர் கந்தூரி, மாசி மகம், திருவாரூர் தேர் என்று ஸ்பெஷல் விடுவார்கள், அதற்கு எங்கிருந்தாவது வண்டி எடுக்க வேண்டும், கிராமத்து நடைதான் முதலில் கட். ஐப்பசி கார்த்திகை மழையில் ஏதாவது ஒரு பாலத்தில் வேலை நடந்தாலும் அதே கதை. 2028இல் மகாமகம் வரும்போது என்ன செய்வது என்று இப்போதே தாத்தா கேட்க ஆரம்பித்துவிட்டார்.

கடைசியில் என்னிடம் இருப்பது பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிய ஒரு தாள். முதல் வண்டி, கடைசி வண்டி இரண்டும் தடித்த எழுத்தில், நடுவில் உள்ளவை சும்மா பென்சிலில். டவுன் பஸ்ஸுக்குப் பச்சை மை, பிரைவேட்டுக்கு நீலம், மொபசலுக்குக் கறுப்பு. மேலே மூலையில் தேதி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பஸ் ஸ்டாண்ட் போர்டைப் போட்டோ எடுத்து வந்து சரிபார்ப்பேன், கடையில் ஸ்டாக் பார்ப்பது மாதிரி. போட்டோவை மேப் ஆப்பில் பஸ் ஸ்டாண்டின் பக்கத்திலும் ஏற்றிவிடுகிறேன், மாதம் வருஷத்தோடு. அதைப் பார்த்து யாரோ ஒருவர் நன்றி என்று எழுதியிருந்தார், இன்னொருவர் 4.15 என்பது காலையா மாலையா என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான், இப்போது காலைக்கு 'கா', மாலைக்கு 'மா' சேர்த்து எழுதுகிறேன்.

2025 ஜூனில் புது மினி பஸ் திட்டத்தைத் தஞ்சாவூரில் தொடங்கி வைத்தார்கள். அப்புறம் எங்கள் மெயின் ரோட்டில் ஒரு மினி பஸ் வர ஆரம்பித்திருக்கிறது. நேரம் இன்னும் எங்கேயும் எழுதியில்லை. போன வாரம் டிரைவர் தம்பியிடம் கேட்டேன். "இன்னும் செட் ஆகலக்கா, ஒரு மாசம் பாத்துக்கிட்டு சொல்றேன்" என்றான். தாளில் அதற்கு ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன்.