ஆடாசிட்டில எம்4ஏ திறக்கணுமா? ஆப்ட், ஆப்இமேஜ், ஃபிளாட்பேக், இல்ல பேசாம கன்வெர்ட்டா

மாமாவோட அறுபதாம் கல்யாணத்துக்கு சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் வாய்ஸ்ல வாழ்த்து வாங்கி ஒரே ஃபைலா கோர்த்துத் தர்றேன்னு வாய விட்டுட்டேன். வந்து சேர்ந்தது பூரா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத சரக்கு. வாட்ஸ்அப்ல இருந்து ஓபஸ், ஐபோன் வச்சிருக்கற சித்தப்பா பொண்ணுகிட்ட இருந்து எம்4ஏ, பெரியப்பா பழைய பட்டன் போன்ல பேசின ஏஎம்ஆர், ஒருத்தர் வீடியோவாவே எடுத்து அனுப்பிட்டார். என் லேப்டாப்ல லினக்ஸ் மட்டும்தான், சவுண்ட் வெட்டி ஒட்டற ஆடாசிட்டில இழுத்துப் போட்டா பாதி உள்ளயே வரல.

காரணம் சிம்பிள். வேவ், ஏஐஎஃப்எஃப், ஃப்ளாக், ஆக் வார்பிஸ், எம்பி3 இதெல்லாம் ஆடாசிட்டிக்கு தானாவே தெரியும், ஆனா எம்4ஏ, ஏஎம்ஆர், டபிள்யூஎம்ஏ, வீடியோல இருக்கற சவுண்ட் இதுக்கெல்லாம் எஃப்எஃப்எம்பெக்னு ஒரு லைப்ரரி வேணும், பேட்டன்ட் தொல்லையால அத ஆடாசிட்டிகாரங்க கூடவே சேர்த்துக் குடுக்கறதில்ல. எம்பி3யா சேவ் பண்றதுக்கும் ஒரு காலத்துல இதே பாடுதான், லேம்னு ஒரு லைப்ரரிய தனியா எறக்கணும், 2017ல எம்பி3 பேட்டன்ட் வச்சிருந்த ஃப்ரான்ஹோஃபர் அதோட லைசன்ஸ் திட்டத்த மூடினதுக்கப்புறம்தான் அந்தத் தலைவலி ஓஞ்சுது. (எம்4ஏவ எம்பி3ன்னு பேர் மாத்திட்டா திறந்துடும்னு நம்பறவங்க இன்னும் இருக்காங்க. பேர மாத்தினா உள்ள இருக்கற சரக்கு மாறாதுங்க.)

அதனால எந்த ஆடாசிட்டி நல்லதுங்கறது இல்ல கேள்வி, எஃப்எஃப்எம்பெக் எங்க இருந்து வருதுங்கறதுதான்.

முதல்ல ஆப்ட், அதாவது சிஸ்டத்தோடயே வர்ற, சாஃப்ட்வேர் போடற கமாண்ட். உபுண்டு, டெபியன்ங்கற லினக்ஸ் வகைகள்ல இதுதான் ரொம்ப சாதுவான வழி, ஏன்னா ஆடாசிட்டியும் எஃப்எஃப்எம்பெக்கும் ஒரே கை கட்டின மூட்டைல வருது, ஒண்ணுக்கொண்ணு பொருந்தும். குறை என்னன்னா பழசு. உபுண்டு 22.04ல ஆடாசிட்டி 2.4.2, டெபியன் 12ல 3.2.4, உபுண்டு 24.04ல 3.4.2. வெட்டி ஒட்டறதுக்கு பழசே தாராளம், ஆனா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க, 3.0ல இருந்து ப்ராஜெக்ட் ஏயுபி3ங்கற ஒரே ஃபைலா சேவ் ஆகுது, அத 2.4.2 திறக்காது, ஃப்ரெண்டு புதுசுல சேவ் பண்ணிக் குடுத்தா மாட்டிக்குவீங்க. ஏஎம்ஆர் படிக்க எக்ஸ்ட்ரா எதுவும் வேணாம், ஏஎம்ஆராவே வெளிய எழுதணும்னாதான் லிப்ஏவிகோடெக் எக்ஸ்ட்ரா பேக்கேஜ் போடணும். ஃபெடோராங்கற லினக்ஸ் வச்சிருக்கற ஆளுங்களுக்கு கதை கொஞ்சம் வேற, அங்க கூட வர்றது சில ஃபார்மேட் படிக்கற கோடெக் குறைச்ச எஃப்எஃப்எம்பெக், ஆர்பிஎம் ஃப்யூஷன்ங்கற வெளி சாஃப்ட்வேர் கிடங்க சேர்த்து முழுசா இருக்கறதுக்கு மாத்திக்கணும்.

ஆப்இமேஜ், அதாவது இன்ஸ்டால் பண்ணாமலே ஓடற ஒத்த ஃபைல், இதுலதான் நிறைய பேர் முட்டிக்கறாங்க. ஆடாசிட்டி சைட்லயே கெடைக்குது, லேட்டஸ்ட் வெர்ஷன், டவுன்லோட் பண்ணி ரன் பண்ற பர்மிஷன் குடுத்தா ஓடும் (உபுண்டு 22.04ல இருந்து லிப்ஃப்யூஸ்2ன்னு ஒரு லைப்ரரிய தனியா போடணும், இல்லன்னா சத்தமே இல்லாம செத்துடும்). ஆனா அதுக்குள்ள எஃப்எஃப்எம்பெக் கிடையாது, உங்க சிஸ்டத்துல போய்த் தேடும். தேடறது எஃப்எஃப்எம்பெக் கமாண்ட இல்ல, அதோட லைப்ரரி ஃபைல, அதுவும் நம்பரோட. எஃப்எஃப்எம்பெக் 4ன்னா லிப்ஏவிஃபார்மேட் 58, 5ன்னா 59, 6ன்னா 60, 7ன்னா 61. ஒவ்வொரு ஆடாசிட்டிக்கும் அது வெளியான காலத்துல இருந்த நம்பர் வரைக்கும்தான் தெரியும், அதனால பழைய ஆப்இமேஜ புது லினக்ஸ் வெர்ஷன்ல ஓட்டினா லைப்ரரி கண்ணு முன்னாடி இருந்தும் இல்லன்னு சாதிக்கும். நெட்ல கெடைக்கற ஸ்டாட்டிக் பில்ட் எஃப்எஃப்எம்பெக்கும் இங்க உதவாது, அது எல்லாத்தயும் உள்ள முழுங்கின ஒத்த ஃபைல், டெர்மினல்ல ஜோரா ஓடும், ஆடாசிட்டி கேக்கற லைப்ரரி மட்டும் அதுல தனியா இருக்காது. நான் ஒரு சாயங்காலம் முழுக்க இதுல விட்டேன், டெர்மினல்ல வெர்ஷன் காட்டுதேன்னு திரும்பத் திரும்பப் பாத்துட்டே உக்காந்திருந்தேன். ப்ரெஃபரன்ஸஸ்ல லைப்ரரீஸ் பக்கத்துக்குப் போனா கண்டுபிடிச்சுதா இல்லையான்னு அங்கயே சொல்லும், முதல்லயே அங்க போயிருக்கணும்.

ஃபிளாட்பேக்ங்கறது எந்த லினக்ஸ்லயும் சாஃப்ட்வேர் போடற இன்னொரு வழி, இந்த நம்பர் சண்டைய ஒரேயடியா தீத்துடும், தனக்கு வேணுங்கறத தன் பெட்டிக்குள்ளயே வச்சுக்கும், சிஸ்டத்துல இருக்கறத சீண்டாது. பதிலுக்கு முதல் தடவ அது ஓடத் தேவையான அடிப்படை ஃபைல்களுக்கே (ரன்டைம்) சில நூறு எம்பி போகும், ஹாட்ஸ்பாட்ல இருந்தா யோசிங்க. அதே பெட்டியாலதான் இன்னொரு இடைஞ்சல், ஆப்ட்ல போட்டு வச்ச எல்வி2, லாட்ஸ்பா மாதிரி சவுண்ட் எஃபெக்ட் ப்ளகின் எதுவும் அதுக்குக் கண்ணுக்குத் தெரியாது, அதையும் ஃபிளாட்பேக்காவே திரும்பப் போடணும். உபுண்டுவோட ஸ்னாப்பும் கிட்டத்தட்ட இதே ஜாதி, எஸ்டி கார்டு, பென்டிரைவ் ஃபைல் தெரியலன்னா ரிமூவபிள் மீடியா பர்மிஷன கைல கனெக்ட் பண்ணிப் பாருங்க.

சாஃப்ட்வேரையே மாத்தலாமான்னா, ஓசன்ஆடியோ இருக்கு, பிரேசில் யுனிவர்சிட்டி ஒண்ணுல பொறந்தது, இலவசம் ஆனா ஓப்பன் சோர்ஸ் இல்ல, மல்டி ட்ராக்கும் இல்ல, எனக்கு பின்னணில நாதஸ்வரம் ஓடணும்ங்கறதால அங்கயே கழண்டுக்கிச்சு. ஆர்டர்னு (Ardour) ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோ சாஃப்ட்வேர் இருக்கு, பெரிய யானை, வாழ்த்து ஒட்டறதுக்கு யானை எதுக்கு.

கடைசில நான் பண்ணினது கன்வெர்ட். ஆப்ட்ல எஃப்எஃப்எம்பெக் போட்டு, டெர்மினல்ல ஒவ்வொரு ஃபைலா தானா மாத்தற ஒரு ஃபார் லூப், ஃபோல்டர்ல இருக்கற அத்தனையும் 48000 ஹெர்ட்ஸ் மோனோ வேவ். வீடியோல இருந்து சவுண்ட் மட்டும் தானா பிரிஞ்சு வந்துடுச்சு. வேவ் ஆக்கறதால இருக்கற குவாலிட்டி குறையாது, குறையறதெல்லாம் திரும்ப எம்பி3யோ ஏஏசியோ ஆக்கும்போதுதான், அதனால அத கடைசில ஒரே ஒரு தடவ மட்டும் பண்ணுங்க. எடம் பிடிக்கும், நிமிஷத்துக்கு ஆறு எம்பி கிட்ட, ஸ்டீரியோன்னா அதுல ரெண்டு மடங்கு, ஒரு மணி நேர பேட்டியா எடிட் பண்றவங்களுக்கு இது எரிச்சலா இருக்கும், அப்படி தெனமும் இதே வேலையா இருந்தா ஃபிளாட்பேக் போட்டு நேரா திறக்கறதுதான் லாபம். என்ன மாதிரி எப்பவாவது ஒரு தடவன்னா லூப் போதும், எந்த ஆடாசிட்டியா இருந்தாலும் வேவ மறுக்கப் போறதில்ல.

ஏஎம்ஆர் பத்தி மட்டும் ஒண்ணு. அது 8000 ஹெர்ட்ஸ்ல எடுத்தது, 48000க்கு ஏத்தினா ஃபைல்தான் பெருசாகும், குரல் தெளியாது, எந்த வழில திறந்தாலும் அதே டப்பா சத்தம்தான். பெரியப்பாவுக்கு போன் போட்டு, பேரன் போன்ல இன்னொரு தடவ பேசி அனுப்புங்க பெரியப்பான்னு கேட்டு வாங்கிட்டேன்.