பிளாஸ்டிக் ஷீட்டில் ஒரு டைட்டன்: வெள்ளவத்தைக் கடற்காற்றில் சில வருடப் பாவனை

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழும்பு மாதிரி ஈரமும் உப்பும் நிறைந்த ஊரில் பெரிய மொடல் ஒன்றைச் சொந்தமாகக் கட்டுவதென்றால், பொலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் ஷீட்டை விடச் சிறந்த பொருளை நான் காணவில்லை. 2021 கடைசியில் தொடங்கி 2023இல் முடித்த என் டைட்டனில் (வோர்ஹேமர் 40,000 விளையாட்டின் ராட்சதப் போர் இயந்திர மொடல்), ஷீட்டோடு ஷீட் ஒட்டிய இடம் ஒன்றுகூட இன்றுவரை விடவில்லை. வயதானவை பெரும்பாலும் அதோடு சேர்ந்த வேறு பொருட்கள்தான்: இரும்பு, சுப்பர் க்ளூ, காந்தம், கடதாசி. கட்டத் தொடங்குகிற ஒருவருக்கு நான் சொல்ல விரும்புவது பெரும்பாலும் இதைச் சுற்றியே வரும்.

வோர்ஹேமர் 40,000 விளையாடாதவர்களுக்காக இரண்டு வரி. இங்கிலாந்தின் கேம்ஸ் வேர்க்ஷொப் 1987இல் வெளியிட்ட மேசைப் போர் விளையாட்டு அது. மனித உருவங்கள் சுமார் 28 மி.மீ உயரம். அவற்றுக்கு மேலே கட்டடம் போல நடந்து வரும் போர் இயந்திரங்கள்தான் டைட்டன்கள். அவற்றின் ரெசின் கிட்கள் வெளிநாட்டிலேயே பெரிய விலை. 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது, கப்பல் கூலியும் வரியும் சேர்த்து அதை இங்கே இறக்குவது நினைத்துப் பார்க்கக்கூடிய காரியமாக இருக்கவில்லை. ஆனால் பணம் ஒன்றுதான் காரணம் என்று சொன்னால் அது பொய். ஒரு தட்டையான வெள்ளைத் தகட்டிலிருந்து தோளும் முழங்காலும் எழுந்து வருவதைப் பார்க்கும் சந்தோஷத்தை எந்தக் கிட்டும் எனக்குத் தந்ததில்லை.

ஷீட் எங்கே கிடைக்கும் என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. எவர்கிரீன், ஸ்லேட்டர்ஸ் போன்ற மொடல் கொம்பனிகளின் சின்னச் சின்ன ஷீட்கள் வடிவானவை, அளவு துல்லியமானவை. ஆனால் அரை மீட்டருக்கு மேல் உயரமான ஒன்றை அவற்றால் கட்டினால் கட்டுப்படியாகாது. பெயர்ப்பலகைச் சாமான் விற்கும் புறக்கோட்டைக் கடைகளிலும், பொதி செய்யும் தட்டுகள் வார்க்கும் இடங்களிலும் ஹை இம்பாக்ட் பொலிஸ்டைரீன் (எளிதில் உடையாத வகை) 8×4 அடி ஷீட்டாகவே வரும். 1 மி.மீ கனத்தில் ஒரு முழு ஷீட் மூன்று கிலோவுக்குச் சற்றுக் கூட. "என்ன தம்பி, போட் எழுதவா?" என்று கேட்ட கடைக்கார நானாவிடம், ரோபோ ஒன்று செய்யப் போகிறேன் என்றேன். சிரிக்கவில்லை. ஷீட்டை நாலாக வெட்டி, கீறல் விழாமல் பேப்பர் சுற்றி, த்ரீவீலில் ஏற்றுவதற்கும் உதவினார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒதுக்கு விலைக்கு வெட்டுத் துண்டுகளும் கிடைத்தன. நுண்வேலைக்கு அந்தத் துண்டுகளே போதும்.

கடையில் வெள்ளையாக இருப்பதெல்லாம் பொலிஸ்டைரீன் அல்ல. அதனால் வாங்கு முன் ஒரு சின்னத் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து சோதியுங்கள். வெறும் தண்ணீரில் அமிழ்த்திவிட்டால் பொலிஸ்டைரீன் மெல்லத் தாழும், ஏனென்றால் அதன் அடர்த்தி தண்ணீரைவிடச் சொற்பமே கூட, 1.05 அளவில். ஒரு கிளாஸ் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி உப்பைக் கரைத்து அதே துண்டைப் போட்டால் மேலே வரும். கட்டியான பீவீசீ இரண்டிலும் தாழும். பொலிப்புரொப்பிலீன் இரண்டிலும் மிதக்கும், அதை எந்த மொடல் சிமென்ட்டும் (பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் திரவம்) பிடிக்காது. நுரை பீவீசீ போட்டை வெட்டு முகத்துக் குமிழியிலேயே கண்டுபிடிக்கலாம். கடைசிச் சோதனை சிமென்ட்: ஒரு துளி வைத்ததும் மேற்பரப்பு கரைந்து விரல் ரேகை பதிந்தால் அது நமக்கான ஷீட். நெருப்பில் காட்டிப் பார்க்கச் சொல்பவர்களும் உண்டு. பீவீசீயாக இருந்தால் வரும் புகை நச்சு, அதைச் செய்ய வேண்டாம். யோகட் கப்பின் அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தால் அதுவும் பொலிஸ்டைரீன்தான். என் டைட்டனின் புகைபோக்கி வளைவுகள் அப்படி வந்தவை.

முதலில் முழு அளவில் பிரிஸ்டல் போட் அட்டையில் ஒரு மாதிரி செய்தேன். தாளில் சரியாகத் தெரியும் கால், எழுந்து நின்றால் குச்சியாகத் தெரியும். அதைப் பிடிப்பதற்கு இந்தப் படி அவசியம்.

பிறகு எலும்புக்கூடு. பெரிய மொடலில் எல்லாமே இங்கேதான் தீர்மானமாகும் என்பது என் உறுதியான எண்ணம். வெளித்தோல் 1 மி.மீ. உள்ளே 2 மி.மீ குறுக்குச் சட்டங்கள், ஒன்றில் மேலிருந்து பாதி, மற்றதில் கீழிருந்து பாதி வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று கோர்த்தவை. ஐந்தாறு சென்ரிமீட்டருக்கு ஒன்றாவது இருந்தால் தோல் பல வருடங்களுக்குப் பிறகும் தட்டையாகவே நிற்கும். ஷீட்டை ஒரேயடியாக அறுக்கத் தேவையில்லை. ஒல்ஃபா கத்தியால் இரண்டு மூன்று தடவை லேசாகக் கீறி, கீறலுக்கு எதிர்ப்பக்கம் மடித்தால் நேர்கோட்டில் முறியும். இரும்பு அடிமட்டமும், ஒரு நல்ல மூலைமட்டமும், பாடசாலைக் கணிதப் பெட்டியிலிருந்து ஒரு கவராயமும் போதும். கவராயத்தில் பென்சிலுக்குப் பதில் இன்னொரு ஊசி. அதே வட்டத்தைப் பொறுமையாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் சுத்தமான தட்டு கழன்று வரும்.

இதற்கெல்லாம் மின்சாரம் தேவையில்லை என்பதை 2022 மார்ச்சில் நன்றாக உணர்ந்தேன். ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலம் அது. 3டி பிரின்டர் வைத்திருந்த நண்பர்களின் வேலை பாதியில் நின்றது. நான் பகலில் ஜன்னல் ஓரமும் இரவில் சார்ஜ் விளக்கும் வைத்துக்கொண்டு இடுப்புப் பகுதியை முடித்தேன்.

ஒட்டுவதற்கு டமியா எக்ஸ்ட்ரா தின் என்ற சிமென்ட், பச்சை மூடி. இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து விளிம்பில் தூரிகையால் தொட்டால் அது தானே இடுக்குக்குள் ஓடும். இது ஒட்டும் பசை அல்ல. இரண்டு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்கிவிட்டு ஆவியாகிப் போகும் திரவம். அதனால்தான் அந்த மூட்டு வயதாவதில்லை. ஆனால் அந்த ஆவி வெளியேற வழி வேண்டும். நாலு பக்கமும் மூடிய பெட்டிக்குள் அது சிக்கினால் உள்ளிருந்தே தோலை இளக்கும். நண்பர் ஒருவர் கட்டிய போர்த்தாங்கி மொடலில், முடித்து மாதக்கணக்கில் கழித்து, பக்கச் சுவர்கள் உள்ளே குழிந்தன. மூடும் ஒவ்வொரு அறைக்கும் கண்ணில் படாத இடத்தில் 3 மி.மீ துளை ஒன்று போட்டுவிடுங்கள், உள்சட்டங்களிலும்தான். இரண்டு ஷீட்டை அடுக்கி ஒட்டும்போது பின் ஷீட் முழுக்கத் துளைகள் இட்டு அவற்றின் வழியாகவே சிமென்ட்டை விட்டால் வளையாது. என் மொடலின் எந்தப் பரப்பும் இதுவரை குழியாததற்கு இந்தத் துளைகளே காரணம் என்று நம்புகிறேன். அறையில் காற்றோட்டம் கட்டாயம். மின்விசிறியை ஜன்னலை நோக்கி வையுங்கள்.

இடைவெளி நிரப்ப, வெட்டிய தூள்களையும் துண்டுகளையும் சிமென்ட்டில் ஊறவைத்துச் செய்த கூழ். கார் வேலைக்காரர்கள் பள்ளம் நிரப்பப் பாவிக்கும் பொலியெஸ்டர் பூட்டி சீக்கிரம் காய்ந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அதிலிருக்கும் ஸ்டைரீன் திரவம் மெல்லிய ஷீட்டைத் தாக்கும், காய்ந்த பிறகு அது ஷீட்டோடு ஒன்றாவதும் இல்லை. கூழ் நிரப்பிய விளிம்புகளில் இன்றும் முடி அளவு விரிசல் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். என் டைட்டன் தோள்வரை 55 செ.மீ. நிஜத்தில் 60இல் ஒரு பங்கு (1/60) என்று எடுத்துக்கொண்டால் 33 மீட்டர், பத்து மாடிக்குக் குறையாது. ஆனால் 55 செ.மீ உயரமான பொருள் 33 மீட்டராகத் தானாகத் தெரியாது. மனிதன் தொடும் பொருட்கள் மேலே இருந்தால்தான் கண் அளவெடுக்கும். ஏணிப் படிகளுக்கு இடையில் 5 மி.மீ. கதவு 33 மி.மீ. கைப்பிடி வேலி 18 மி.மீ. இந்த மூன்றும் மொடல் முழுக்க மாறாமல் வந்தால் போதும், பார்ப்பவர்கள் தாமாகவே அண்ணாந்து பார்ப்பார்கள். இதைக் கற்றுக்கொள்ளப் போன இடம் துறைமுகம். கோட்டைப் பக்கம் நின்றால் தெரியும் அந்தப் பெரிய பாரந்தூக்கிகளை எத்தனையோ மாலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஏணி எங்கே ஒரு தட்டில் முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது, சாய்வுச் சட்டம் எந்த மூலையில் போய்ச் சேர்கிறது, கேபிள் எப்படித் தொங்குகிறது என்பதெல்லாம் அங்கே திறந்த புத்தகமாக இருக்கிறது. அதற்குப் பிறகு என் டைட்டனில் காரணமில்லாத குழாய் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றும் ஓரிடத்தில் தொடங்கி ஓரிடத்தில் முடிகிறது.

ரிவெட்களுக்கு 0.25 மி.மீ ஷீட்டில் சின்னப் பஞ்ச்சால் அடித்த தட்டுகள். சலிப்பான வேலை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இனி வருடங்கள் செய்தவை. மரைன் டிரைவ் பக்கத்து வீட்டில் ஜன்னலைத் திறந்தால் உப்புதான் உள்ளே வரும். கால்களுக்குள் போகும் கம்பி ஸ்டெயின்லெஸ், அதனால் பிரச்சினை இல்லை. கைகளைப் பூட்டிய சாதாரண இரும்புத் திருகுகளைச் சுற்றி இரண்டாவது மழைக்காலத்தில் பழுப்புக் கறை பெயின்ட்டுக்கு மேல் வந்தது. அவற்றைக் கழற்றிப் பித்தளை போட்டபின் கறை இல்லை. ஆயுதங்களை மாற்றுவதற்கான நியோடிமியம் காந்தங்களும் அப்படித்தான். நிக்கல் பூச்சு உரிந்த இடத்தில் உள்ளிருந்து பொரியத் தொடங்கும். இப்போது ஒவ்வொரு காந்தத்தையும் 0.25 மி.மீ ஷீட்டால் மூடிவிடுகிறேன். பிடி கொஞ்சம் குறையும், அதற்காகக் காந்தத்தை ஒரு அளவு பெரிதாக எடுக்கலாம். சுப்பர் க்ளூவில் ஒட்டிய பித்தளைக் கைப்பிடிகள் பயணங்களில் ஒன்றிரண்டாக உதிர்கின்றன. அந்தப் பசை இறுகினால் கண்ணாடிபோல் நொறுங்கும், அதிர்ச்சியைத் தாங்காது. பொலிஸ்டைரீன் கோலில் செய்து சிமென்ட்டால் ஒட்டிய வேலிகள், கொஞ்சம் தடிப்பாகத் தெரிந்தாலும், அத்தனையும் நிற்கின்றன.

வெப்பம் பற்றியும் ஒரு விஷயம். 60 செ.மீ நீளமான பொலிஸ்டைரீன், 10 பாகை வெப்பம் கூடினால் சுமார் 0.4 மி.மீ நீளும். உள்ளே இருக்கும் ஸ்டெயின்லெஸ் கம்பி அதில் கால்பங்கே நீளும். ஆகவே கம்பியைப் பாதத்தில் மட்டும் நட் போட்டு இறுக்கி, மேலே துளைக்குள் சும்மா வழுக்கவிட்டிருக்கிறேன். இரண்டு முனையையும் இறுக்கினால் நடுவில் எங்காவது மூட்டு பிளக்கும்.

மற்றப் பொருட்களோடு ஒப்பிட்டால், எம்.டீ.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ஈரத்தில் விளிம்பு ஊதும், கறையானுக்கும் விருந்து. பிரிஸ்டல் போட்டை இராமபாணப் பூச்சி விடாது. பீ.எல்.ஏ பிளாஸ்டிக்கில் எடுத்த 3டி பிரின்ட் 60 பாகை அளவிலேயே இளகும், வெயிலில் நிறுத்திய காருக்குள் அதை விட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. பொலிஸ்டைரீனுக்கு 90 பாகை தாண்ட வேண்டும். வெயில் மட்டும் அதற்கு எதிரி: பெயின்ட் இல்லாத ஷீட் நேர் வெயிலில் மஞ்சளாகி நொறுங்கத் தொடங்கும்.

பெயின்ட் பற்றி அதிகம் இல்லை. ஸ்ப்ரே பிரைமரை மழையில்லாத நாளில், காலை பத்து மணிக்குப் பிறகு, மெல்லிய பல பூச்சுகளாக அடிக்க வேண்டும். ஜனவரி, பெப்ரவரி சிறந்தது. ஒக்டோபர் நவம்பரில் தொடவே வேண்டாம், ஈரத்தில் மேற்பரப்பு வெளிறிப்போகும்.

இடுப்பில் கழன்று இரண்டு பெட்டியாகப் போகும்படி செய்தது நல்ல தீர்மானம். மொத்தமே மூன்று கிலோவுக்குள் என்பதால் கொட்டாஞ்சேனை நண்பர் வீட்டு ஆட்டத்துக்கு த்ரீவீலில், மடியில் ஒன்றும் பக்கத்தில் ஒன்றுமாகக் கொண்டுபோகிறேன். மேசையில் அது நிற்கும்போது எதிரணிக்காரரும் சேர்ந்து படம் எடுப்பார்.

இடப்பக்க முழங்கால் மட்டும் லேசாக முன்னே சாய்ந்திருக்கிறது. மூட்டு விடவில்லை. அந்த இடத்துத் தோல் 1 மி.மீ, அதற்கு மேலே உடம்பின் முழுப் பாரமும் இருக்கிறது. பாரம் ஓயாமல் தங்கும் இடத்தில் இந்தப் பிளாஸ்டிக் மிக மெதுவாக இளகிக் கொடுக்கும் என்பது நீண்ட பாவனையில்தான் தெரிகிறது. பின்பக்கம் ஒரு சாய்வுச் சட்டம் வைத்தபின் சாய்வு நின்றுவிட்டது. வெட்டு மாதிரிகளை எல்லாம் 0.25 மி.மீ ஷீட்டில் வெட்டி, எண் எழுதி, தட்டையாக வைத்திருக்கிறேன். அவற்றை வத்தளையில் இருக்கும் என் மருமகன் வாங்கிக்கொண்டு போய் இரண்டாவது டைட்டனைத் தொடங்கிவிட்டான். "மாமா, முழங்காலை முழுக்க 2 மி.மீயிலேயே வெட்டுறன்" என்றான். சரி என்றேன், சாய்வுச் சட்டத்துக்கான மாதிரியையும் சேர்த்து அனுப்பினேன்.