ஃபியூஸா, எம்.சி.பி.யா, ஆர்.சி.சி.பி.யா: எது எதைக் காப்பாற்றும்?

எங்கள் பழைய வீட்டில் கிரைண்டருக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு மணைப்பலகை கிடக்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று மாவைத் தள்ளிவிட்டால் விரல் நுனியில் சுரீர் என்று இழுக்கும். பலகை மேல் ஏறி நின்றால் இழுக்காது. அம்மா பல வருடம் இதை ஒரு கோளாறாகவே நினைக்கவில்லை. “ஃபியூஸ் போகலையே, அப்புறம் என்ன?” என்பார்.

ஃபியூஸ் போகாததற்குக் காரணம் இருக்கிறது. தெருவில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போய்ச் சேரும் முனை, பூமியோடு இணைக்கப்பட்டிருக்கும். அதனால் கரண்ட் வரும் பேஸ் கம்பியின் 230 வோல்ட் தள்ளுகிற கரண்ட், நம் உடம்பு வழியாகத் தரைக்கு இறங்கி, மண் வழியாகவே திரும்பிப் போய்ச் சேர்ந்துவிடும். ஈரமான உடம்பின் தடையைச் சுமார் 1,500 ஓம் என்று வைத்துக்கொண்டால், ஓடுவது 150 மில்லி ஆம்பியர். ஒரு 40 வாட் குண்டு பல்பு எடுப்பதைவிடக் கொஞ்சம் குறைவு. 5 ஆம்பியர் ஃபியூஸுக்கு இது வந்ததே தெரியாது. இதயத்துக்கோ இதில் பாதிகூட வேண்டாம். கலிபோர்னியாவின் பெர்க்லியில் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்ஸியல், தன்னார்வலர்களை வைத்து அளந்து பார்த்தார். பிடித்த கம்பியைத் தானாக விட முடிகிற எல்லை ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதற்கு மேல் போனால் விரல்கள் இறுகிக்கொள்ளும். எங்கள் கிரைண்டரில் கசிவு சிறியது என்பதால் சுரீரோடு நின்றது. அவ்வளவுதான்.

உருகி அறுபடும் ஃபியூஸ், அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் தானே விழுந்து லைனை அணைக்கும் சுவிட்சான எம்.சி.பி., கரண்ட் வேறு வழியில் கசிந்தால் விழும் சுவிட்சான ஆர்.சி.சி.பி.: கடையில் இந்த மூன்றையும் ஒன்றுக்கு மாற்றாக இன்னொன்று என்பதுபோல் காட்டுவார்கள். ஆனால் ஃபியூஸும் எம்.சி.பி.யும் கம்பியைக் காப்பவை. ஆர்.சி.சி.பி. மட்டும்தான் ஆளைக் காப்பது.

முதலில் பீங்கான் கட்டை ஃபியூஸ். மலிவு, உள்ளே அசையும் பாகம் கிடையாது, இறுகிப்போய் வேலை செய்யாமல் நிற்காது. சரியான தடிமனில் கம்பி போட்டால் ஷார்ட் சர்க்யூட்டில் ஒழுங்காக உருகும். ஆனால் ஓவர்லோடில், அதாவது லைன் தாங்குவதைவிட அதிகக் கரண்ட் இழுக்கும்போது, சோம்பேறி: 16 ஆம்பியர் கம்பி உருக, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கரண்ட் தேவைப்படலாம். அதைவிடப் பெரிய ஆபத்து நம் கையில்தான் இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு ஃபியூஸ் போனால், பழைய வயரிலிருந்து நாலு செம்பு இழையை உருவி முறுக்கிக் கட்டிவிடுவோம். அதற்கப்புறம் சுவருக்குள் இருக்கும் வயர் உருகினாலும் உருகும், அந்தக் கட்டை உருகாது.

எம்.சி.பி. இந்த இடத்தில் தெளிவாக ஒரு படி மேல். ஹியூகோ ஷ்டோட்ஸின் நிறுவனம் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் 1924-லேயே காப்புரிமை வாங்கிய யோசனை இது. உள்ளே இரண்டு வேலையாட்கள். சூடானால் வளையும் ஈருலோகப் பட்டை ஓவர்லோடைப் பார்த்துக்கொள்ளும். காந்தச் சுருள் ஷார்ட் சர்க்யூட்டில் நொடியின் நூற்றில் ஒரு பங்கு அளவிலேயே அறுத்துவிடும். 16 ஆம்பியர் எம்.சி.பி. வழியே 23.2 ஆம்பியர் தொடர்ந்து ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். மோட்டார், ஏ.சி. இருக்கும் லைனுக்கு ‘சி’ வகை போடுங்கள், ஸ்டார்ட் ஆகும்போது வீணாக விழாது. 2.5 சதுர மில்லிமீட்டர் வயருக்கு 16 ஆம்பியர் போதும். அடிக்கடி விழுகிறது என்று 32 ஆம்பியரை மாட்டுவது, ஃபியூஸில் செம்பு இழை கட்டுவதேதான்.

சரி, சாதனத்தின் உலோக உடம்பை மண்ணோடு இணைக்கும் எர்த் இருக்கிறதே, எம்.சி.பி. போதாதா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உப்பும் கரியும் போட்ட எர்த் குழி கோடையில் காய்ந்து, அதன் தடை 20 ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஹீட்டரின் உடம்பில் பேஸ் தொட்டால் 230-ஐ 20-ஆல் வகுக்க 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. விழவே விழாது. ஹீட்டர் உடம்பு மணிக்கணக்கில் கரண்டோடு நிற்கும். எர்த் தடை 5 ஓம் என்றாலும் 46 ஆம்பியர்தான். காந்தச் சுருள் இழுக்க ‘சி’ வகைக்குக் குறைந்தது 80 வேண்டும், அதனால் பட்டை சூடாகும் வரை காத்திருக்க வேண்டும். ஆர்.சி.சி.பி.க்கோ 0.03 ஆம்பியர் போதும்.

அதன் வேலை ரொம்ப எளிது. பேஸும் நியூட்ரலும் ஒரு காந்த வளையத்துக்குள் சேர்ந்து போகும். போன கரண்டு அப்படியே திரும்பினால் வளையம் சும்மா இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வேறு வழியில் போய்விட்டால் 0.3 நொடிக்குள் வீடே அணையும்; கசிவு ஐந்து மடங்கானால் 0.04 நொடி. கடையில் ‘ஈ.எல்.சி.பி.’ என்று கேட்டாலும் இதைத்தான் எடுத்துத் தருவார்கள். 100, 300 மில்லி ஆம்பியரிலும் வரும். அவை தீவிபத்தைத் தடுக்க. ஆளுக்கு 30-தான், எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். இன்வெர்ட்டர் ஏ.சி., வாஷிங் மெஷின் உள்ள வீட்டுக்கு, மின்னணு சாதனங்களின் கசிவையும் உணரும் ‘ஏ’ டைப் நல்லது.

இதற்கும் எல்லை உண்டு. ஒரு கையில் பேஸ், மறு கையில் நியூட்ரல் பிடித்தால் இது உங்களை ஒரு பல்பாகத்தான் பார்க்கும், விழாது. ஓவர்லோடும் இதற்குத் தெரியாது. அதனால் எம்.சி.பி.யைக் கழற்றிவிட்டு இதை மாட்டக் கூடாது. இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்த ஆர்.சி.பி.ஓ. உண்டு. விலை கூடுதல், ஆனால் கசிந்த லைன் மட்டும் விழும், ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்.

நம் ஊர் வீடுகளில் வரும் தகராறு நியூட்ரல்தான். ஒரு லைனின் நியூட்ரலை இன்னொரு லைனோடு கலந்துவிட்டால் ஆர்.சி.சி.பி. காரணமில்லாமல் விழும். பலர் நியூட்ரலைப் பிரிக்காமல் ஆர்.சி.சி.பி.யையே பைபாஸ் செய்துவிட்டுப் போகிறார்கள். இதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். அப்புறம் இன்வெர்ட்டர்: மெயினில் இருக்கும் ஆர்.சி.சி.பி. விழுந்தாலும் இன்வெர்ட்டர் லைன் பேட்டரியில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இன்வெர்ட்டருக்குப் பின்னால் தனியாக ஒன்று வேண்டும்.

என் தேர்வு: லைனுக்கு ஒரு எம்.சி.பி., மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பழைய வீடு, கையில் காசு ஒன்றுக்குத்தான் என்றால், ஃபியூஸில் சரியான கம்பியைப் போட்டு வைத்துக்கொண்டு முதலில் ஆர்.சி.சி.பி.யை வாங்குவேன். மாதம் ஒருமுறை அதன் ‘டி’ (டெஸ்ட்) பொத்தானை அழுத்துங்கள். டக்கென்று விழாவிட்டால் அன்றைக்கே மாற்றுங்கள்.

எங்கள் வீட்டில் அதை மாட்டிய அன்று, கிரைண்டரின் மூன்று முள் பிளக்கைத் திறந்து பார்த்தோம். எர்த் முள்ளில் கம்பியே இல்லை. இணைத்துவிட்டு சுவிட்சைப் போட்டதும் வீடே அணைந்தது. அடித்தட்டைக் கழற்றினால், மோட்டாருக்குப் போகும் வயரின் தோல் தகர விளிம்பில் உரசி உரசித் தேய்ந்து, செம்பு தெரிந்தது. ஒரு சாண் வயர் மாற்றினோம். அம்மா அன்று வெறுங்காலோடு நின்று மாவரைத்தார். மணைப்பலகை இப்போது பூஜை அறையில் இருக்கிறது.