இயற்கை வைரமா, லேப் வைரமா, மாய்ஸனைட்டா? ஆச்சியின் தோட்டை வைத்து ஓர் அலசல்

அக்கா மகளுக்குத் தை மாதம் கல்யாணம். மும்பை மாதுங்காவில் அக்கா வீட்டில் இரண்டு மாதமாக வேறு பேச்சே இல்லை. பவுன் விலையைப் பார்த்து அத்தான் விடும் பெருமூச்சு ஒரு பக்கம் இருக்கட்டும், கல் விஷயத்தில்தான் வீடே இரண்டு கட்சியாக நின்றது. "லேப்ல வளர்த்த வைரம் போதும் மாமா, எதுக்கு மண்ணைத் தோண்டணும்?" என்கிறாள் பெண். "டூப்ளிகேட் கல்லைப் போட்டு அனுப்பினா ஊர்ல என்ன பேசுவாங்க?" என்கிறாள் அக்கா. கடைசியில் என் தலையில் கட்டிவிட்டார்கள். "நீதானே கல்லும் கரியும் வித்துட்டு அலையுத, நீயே வந்து பாத்துச் சொல்லு தம்பி."

அலைவது உண்மைதான். அந்தேரியில் சாணைச் சக்கரமும் வெட்டுகிற பிளேடும் விற்கும் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். நகைக்கடைக்காரர் வெல்வெட் தட்டில் ஏந்திக்கொண்டு வருகிற இதே சரக்கை நான் டப்பா டப்பாவாகத் தூளாகப் பார்த்தவன். அதனால் கல் மேல் எனக்கு மயக்கமும் கிடையாது, வெறுப்பும் கிடையாது.

வாங்க வேண்டியது மூன்று. ஒரு கேரட்டில் ஒற்றைக்கல் மோதிரம். தினமும் லோக்கல் ரயிலில் ஆபீஸ் போகும்போது போட ஒரு ஜோடிக் கம்மல். அப்புறம் திருநெல்வேலியிலிருந்து வந்த ஆச்சியின் ஏழுகல் தோடு, அதில் ஆடிக்கொண்டிருந்த ஒரு கல்லை மாற்ற வேண்டும். மூன்றுக்கும் ஒரே பதில் இருக்கும் என்று நினைத்துத்தான் நானும் கிளம்பினேன்.

முதலில் அக்காவின் 'டூப்ளிகேட்' கட்சியைப் பார்த்துவிடலாம். வைரம் என்பது கரி, அவ்வளவுதான். 1797-ல் ஸ்மித்சன் டெனன்ட் என்ற ஆங்கிலேயர் வைரத்தை எரித்துப் பார்த்தார். அதே எடைக் கரியை எரித்தால் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வருமோ அவ்வளவுதான் வந்தது. பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டும் அதே அணுதான். கிராஃபைட்டில் ஒவ்வொரு அணுவும் மூன்று அணுக்களோடு மட்டும் கைகோத்துத் தகடு தகடாகக் கிடக்கிறது, அதனால்தான் தாளில் தேய்த்தால் வழுக்கி உதிர்கிறது. வைரத்தில் ஒவ்வொன்றும் நான்கு பேரை இறுக்கிப் பிடித்திருக்கிறது, நகரவே விடாது. இந்தப் பிடி பூமிக்குள் 150 கிலோமீட்டர் ஆழத்தில் அமைந்ததா, சூரத்தில் ஒரு மிஷினுக்குள் அமைந்ததா என்பது கல்லுக்கே தெரியாது. கடினம், அடர்த்தி, ஒளியை வளைக்கிற அளவு எல்லாம் ஒன்றுதான். அக்கா சொல்லும் டூப்ளிகேட் என்பது அமெரிக்கன் டயமண்ட் என்று நம் பெட்டிக்கடை வரைக்கும் வந்துவிட்ட கியூபிக் ஸிர்கோனியா. அதில் கரியே கிடையாது, ஸிர்கோனியம் ஆக்சைடு.

லேப் வைரத்திலும் இரண்டு ஜாதி உண்டு, கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். ஹெச்.பி.ஹெச்.டி. என்பது அழுத்திச் செய்வது: கிராஃபைட்டை இரும்பு, நிக்கல் மாதிரி உருகிய உலோகத்தில் கரைத்து, வளிமண்டல அழுத்தத்தைப் போல ஐம்பதாயிரம் மடங்குக்கு மேல் அழுத்தி, 1,300 டிகிரிக்கு மேல் சூடேற்றி, ஒரு சின்ன வைர விதையின் மேல் படிய வைப்பார்கள். 1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் டிரேசி ஹால் இப்படித்தான் எடுத்தார். எங்கள் பிளேடுகளில் இருக்கும் வைரத்தூளும் இந்த வழியில் பிறந்ததுதான். சி.வி.டி. என்பது படியவிட்டு வளர்ப்பது: மீத்தேனையும் ஹைட்ரஜனையும் அறைக்குள் விட்டு, மைக்ரோவேவால் பிளாஸ்மா ஆக்கினால், கரி மட்டும் பிரிந்து விதைத் தகட்டின் மேல் அடுக்கடுக்காக உட்காரும். அழுத்தமே வேண்டாம், சில வாரப் பொறுமை போதும். நம் ஊரில் நகைக்கு வரும் லேப் கற்களில் பெரும்பாலும் இதுதான். 2023 பட்ஜெட்டில் இந்த விதைகளுக்குச் சுங்க வரியை எடுத்துவிட்டார்கள், ஆராய்ச்சிக்கென்று சென்னை ஐ.ஐ.டி.க்குப் பணமும் ஒதுக்கினார்கள்.

அக்கா மகளின் 'மண்ணைத் தோண்டாத வைரம்' வாதத்துக்கும் ஒரு வார்த்தை. சுரங்கத்தில் ஒரு சின்னக் கல்லுக்காகப் பாறையை டன் கணக்கில் உடைக்க வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிளாஸ்மா அறை வாரக்கணக்கில் இராப்பகலாகக் கரண்டைக் குடிக்கிறது, நம் நாட்டில் கரண்ட் பெரும்பாலும் நிலக்கரியில் வருகிறது. கரியை எரித்துக் கரியைக் கல்லாக்குகிறோம். சோலாரில் ஓடும் ஆலை என்றால் கணக்கு வேறு, ஆனால் கடையில் நான் கேட்டபோது யாருக்கும் அந்த விவரம் தெரியவில்லை.

சரி, மோதிரம். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை, லேப் வைரம்தான். ஒரு கேரட்டில் நல்ல நிறம், நல்ல தெளிவு என்று எடுத்தால் இயற்கைக் கல்லின் விலையில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வருகிறது. கண்ணால் பார்த்து, பத்து மடங்கு லென்ஸால் பார்த்துக்கூட வித்தியாசம் சொல்ல முடியாது. ஆய்வகத்தில் மிஷினில் வைத்தால்தான் தெரியும். இயற்கைக் கற்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் நைட்ரஜன் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருக்கும், சி.வி.டி. கல்லில் அது கிட்டத்தட்ட இருக்காது. அதாவது சுத்தமாக இருப்பதுதான் மாட்டிக்கொடுக்கிறது!

ஆனால் ஒன்று, இதை முதலீடு என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். சுரங்க வைர வியாபாரத்தில் பெரிய கையான டி பியர்ஸ் கம்பெனியே 2018-ல் லைட்பாக்ஸ் என்று லேப் நகை பிராண்ட் தொடங்கி, கேரட் 800 டாலர் என்று விலை வைத்தது. விலை சரிந்துகொண்டே போக, 2025-ல் மூடுகிறோம் என்று அறிவித்துவிட்டது. வைரத்துக்குத் தரச் சான்று கொடுக்கும் அமெரிக்க அமைப்பான ஜி.ஐ.ஏ.வும் 2025 அக்டோபரிலிருந்து லேப் கல்லுக்குப் பழையபடி நிறம், தெளிவு என்று தரம் பிரிப்பதை நிறுத்திவிட்டு 'பிரீமியம்', 'ஸ்டாண்டர்ட்' என்று இரண்டே வகையில் அடக்கிவிட்டது. திருப்பிக் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்று ஜவேரி பஜாரில் நாலு கடையில் கேட்டேன். இரண்டு இடத்தில் சிரித்தார்கள். இயற்கைக் கல்லை வாங்கிய கடையிலேயே கொடுத்தாலும் கழித்துக்கொண்டுதான் தருவார்கள், ஆனால் சிரிக்க மாட்டார்கள். மோதிரத்தை யாரும் விற்கப் போவதில்லை, அதனால் இந்த இடத்தில் அது பொருட்டில்லை என்பது என் கட்சி. மிச்சப் பணத்தைப் பவுனில் போடச் சொன்னேன், அத்தான் முகம் அன்றுதான் கொஞ்சம் தெளிந்தது.

அடுத்தது தினசரிக் கம்மல். இங்கேதான் மாய்ஸனைட் உள்ளே வருகிறது. இது வைரம் அல்ல. கரியும் சிலிக்கனும் ஒன்றுக்கு ஒன்றாகச் சேர்ந்த சிலிக்கன் கார்பைடு. ஹென்றி மாய்ஸான் என்ற பிரெஞ்சு வேதியியல்காரர் 1893-ல் அரிசோனாவில் விண்கல் விழுந்த பள்ளத்திலிருந்து வந்த துண்டுகளில் இதைக் கண்டார், முதலில் வைரம் என்றே நினைத்துவிட்டார். பிற்பாடுதான் திருத்தினார். அதற்குச் சற்று முன்னாடியே அமெரிக்காவில் எட்வர்ட் ஏச்சிசன் இதே பொருளை மின் உலையில் செய்து கார்போரண்டம் என்று பெயர் வைத்திருந்தார். பெயரைக் கேட்டதும் வடசென்னைக்காரர்களுக்குத் திருவொற்றியூர் சாணைக்கல் கம்பெனி ஞாபகம் வரும். ஆமாம், அந்தச் சாணைக்கல் சரக்கேதான், ஒற்றைப் படிகமாகத் தெளிவாக வளர்த்துப் பட்டை தீட்டினால் மாய்ஸனைட். கறுப்புச் சாணைச் சக்கரத்தைப் பதினெட்டு வருஷமாகத் தூக்கிச் சுமந்தவன் காதில், 'இது நட்சத்திரத்திலிருந்து வந்த கல் சார்' என்று ஒரு விற்பனைப் பையன் ஓதினால் எப்படி இருக்கும்?

கல் மோசமில்லை. கடினத்தில் வைரம் 10 என்றால் இது 9.25, கியூபிக் ஸிர்கோனியா எட்டு, எட்டரையில் நின்று சில வருஷத்தில் கீறல் விழுந்து மங்கிப்போகும், இது மங்காது. பளபளப்பு வைரத்தையும் தாண்டும், வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரிக்கிற அளவு வைரத்தில் 0.044 என்றால் இதில் 0.104. அந்தக் கூடுதல்தான் என் கண்ணுக்குக் குறை. சின்னக் கல்லில் அழகாக இருக்கிறது, பெரிய கல்லில் டிஸ்கோ விளக்கு மாதிரி வானவில்லாக அடிக்கிறது. அதனால்தான் மோதிரத்துக்கு வேண்டாம் என்றேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒரு கடையில் பேனா மாதிரி டெஸ்டரைக் கல்லில் வைத்தார்கள், 'பீப்' அடித்தது, "பாருங்க, ஒரிஜினல் வைரம்" என்று பில்லைப் போடப் போனார்கள். அந்தப் பேனா பார்ப்பது வெப்பம் கடத்துவதை மட்டும்தான். வைரம் செம்பைப் போல ஐந்து மடங்கு வெப்பம் கடத்தும், சிலிக்கன் கார்பைடும் ஓரளவு நன்றாகவே கடத்தும், பேனா ஏமாந்துவிடும். என் லென்ஸை வாங்கிச் சாய்வாகப் பார்த்தேன். மேல்முகத்திலிருந்து பார்க்கும்போது கீழே இருக்கும் பட்டைக் கோடுகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன, கண் கலங்கினால் தெரியுமே அப்படி. மாய்ஸனைட் ஒளியை இரண்டாகப் பிரிக்கும், வைரம் பிரிக்காது. கடைக்காரரிடம் சொன்னதும் "சப்ளையர் மாத்திக் கொடுத்திருப்பான் சார்" என்று தட்டை உள்ளே இழுத்துக்கொண்டார். டெஸ்டர் காட்டினால், மின்சாரமும் சேர்த்துச் சோதிக்கிற மல்டி டெஸ்டர் இருக்கிறதா என்று கேளுங்கள்.

மாய்ஸனைட் என்று சொல்லி மாய்ஸனைட் விலைக்கு விற்றால் தினசரிக் கம்மலுக்கு அதைவிடப் பொருத்தம் இல்லை. காலை எட்டரை மணி தாதர் பிளாட்பாரத்தில் காதைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டாம். திருகு ஒன்று தொலைந்தாலும் அன்றிரவு சாப்பாடு இறங்கும்.

இனி ஆச்சியின் தோடு. இரண்டு தோட்டுக்கும் சேர்த்துப் பதினாலு கல், ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு சென்ட் (நூறு சென்ட் ஒரு கேரட்) இருக்கும். வீட்டில் எல்லாரும் 'புளூ ஜாகர்' என்றே சொல்லி வளர்ந்தோம். தென்னாப்பிரிக்காவில் 1870-ல் கண்டுபிடித்து 1971-ல் மூடிய யாகர்ஸ்ஃபொண்டைன் சுரங்கத்தின் பெயர்தான் நம் ஊர்ப் பாட்டிமார் வாயில் ஜாகர் ஆகிவிட்டது. அந்தப் பெயரில் வந்ததெல்லாம் அந்தச் சுரங்கத்துக் கல்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த நீலச்சாயல் கற்பனை இல்லை. சில வைரங்கள் புற ஊதா ஒளி பட்டால் நீலமாக ஒளிரும், வெயிலில் புற ஊதா இருப்பதால் பகலில் லேசாக நீலம் பூத்த மாதிரி இருக்கும், கொஞ்சம் மஞ்சள் இருந்தால் அதையும் அமுக்கிவிடும்.

அத்தான் கடையில் கள்ள நோட்டு பார்க்கிற ஊதா விளக்குப் பெட்டி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, லைட்டை அணைத்து, தோட்டை உள்ளே வைத்தோம். பதினொரு கல் குப்பென்று நீலமாக எரிந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். ஐம்பது வருஷமாகக் காதில் கிடந்த பொருள் இப்படி ஒரு வேலை செய்யும் என்று யாருக்குத் தெரியும்? இரண்டு கல் சும்மா இருட்டாக இருந்தது, அது தப்பில்லை, ஒளிராத இயற்கை வைரம்தான் உலகத்தில் அதிகம். ஆடிக்கொண்டிருந்த அந்தப் பதினாலாவது மட்டும் மங்கலாக ஒரு மஞ்சள் காட்டியது. பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ் பக்கம் ஓர் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்ததில் பதின்மூன்றும் இயற்கை வைரம், அது மட்டும் கியூபிக் ஸிர்கோனியா. எப்போதோ கல் விழுந்து மாற்றிக் கட்டியபோது யாரோ கைவரிசையைக் காட்டியிருக்கிறார்கள். கட்டியவர் யார் என்று அக்காவுக்கு ஒரு பெயர் ஞாபகம் இருக்கிறது, அதை இங்கே எழுதி என்ன ஆகப்போகிறது.

அந்த ஒரு கல்லுக்கு மூன்றையும் நிறுத்திப் பார்த்தோம். மாய்ஸனைட் பக்கத்துக் கற்களை அடித்துக்கொண்டு தனியாக மின்னும், தள்ளிவிடலாம். லேப் வைரம் எண்ணெய் இறங்கிய பழைய தங்கத்துக்குள் வெள்ளை வெளேரென்று தெரியும், புற ஊதாவில் பெரும்பாலும் நீலமும் வராது. அதோடு பத்து சென்ட் கல்லில் பட்டை தீட்டும் கூலியே விலையில் ஒரு பங்கு என்பதால் மிச்சமாகும் தொகை ரூபாய்க் கணக்கில் பெரிதில்லை. இயற்கைக் கல்லில் இன்னொரு சௌகரியம்: பலமாக ஒளிரும் கல்லை இன்றைய வியாபாரம் குறையாகப் பார்க்கிறது, விலையைக் கழித்துத்தான் விற்கிறார்கள். நமக்குத் தேவையோ அந்தக் குறைதான்.

கட்டக் கொடுக்கும்போது ஒன்றைச் சொல்லிக் கொடுத்தேன். காற்றில் 800 டிகிரி பக்கம் போனால் வைரத்தின் மேல்முகம் எரிந்து பால் படிந்த மாதிரி ஆகிவிடும், என்ன இருந்தாலும் கரி. அதனால் கம்பியை ஊதிப் பற்றவைக்கும்முன் போரிக் அமிலக் கரைசலில் தோய்க்கச் சொன்னேன். ஆசாரி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அதற்கென்றே வைத்திருந்த கிண்ணத்தை நகர்த்திக் காட்டினார்.

அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். தெரிந்த தலால் (தரகர்) ஒருவர் மடித்த காகிதப் பொட்டலத்தில் ஒன்பது கல் கொண்டுவந்து அத்தான் கடை மேஜையில் பிரித்தார், எல்லாம் பன்னிரண்டு சென்ட், எல்லாம் ஒரே மாதிரி. மறுபடி ஷட்டரை இறக்கி, நோட்டுப் பெட்டிக்குள் வைத்தோம். நான்கு ஒளிர்ந்தது. லேப் கட்சிக்காரி குனிந்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இடது ஓரத்திலிருந்ததை விரலால் தொட்டு, "இது ஆச்சி நீலம் மாமா" என்றாள்.