விமான சீட்டும் பெரிய உடம்பும்: கைப்பிடியைத் தூக்குவதா, சீட் மாறுவதா, இரண்டு டிக்கெட் எடுப்பதா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் உங்களுக்கு வயிற்றைக் கலக்குமே, அந்தக் குண்டு ஆள் நான்தான். எடை 116 கிலோ, இடுப்பு 46 அங்குலம், அதைவிட முக்கியம் தோள், 22 அங்குலம் (சுவரில் சாய்ந்து நின்று மகளை விட்டு டேப்பால் அளந்தது). பம்ப்செட் வியாபாரம் என்பதால் கோயம்புத்தூரிலிருந்து டெல்லிக்கு வருஷத்தில் ஏழெட்டுத் தடவை போய்வர வேண்டியிருக்கிறது, ஒரு வழிக்கே கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். அதை எப்படி ஓட்டுவது என்று இருக்கிற வழியெல்லாம் சோதித்தாகிவிட்டது. என் மைத்துனன் 58 கிலோ, துபாயில் வேலை. இந்த விஷயத்தில் அவன் எதிர்க்கட்சி. அவன் சொன்னதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன், இல்லையென்றால் அவன் படித்துவிட்டு போன் பண்ணுவான்.

சீட்டின் அளவைத் தெரிந்துகொள்ளாமல் எந்த வழி நல்லது என்று பேசிப் பயனில்லை. போயிங் 737-ல் இரண்டு கைப்பிடிக்கு நடுவே ஏறக்குறைய 17 அங்குலம், ஏர்பஸ் 320-ல் ஏறக்குறைய 18. ஒரு அங்குலம்தானே என்று தோன்றும். கைப்பிடிகளையும் சேர்த்து மூன்று சீட்டுக்கு மொத்த அகலம் போயிங்கில் சுமார் 59 அங்குலம், ஏர்பஸ்ஸில் சுமார் 62. தோள் 20 அங்குலம் இருக்கிற சாதாரண உடம்புக்காரர் மூன்று பேரை வரிசையாக உட்கார வைத்துப் பாருங்கள், 60 வந்துவிடும். அதாவது என்னை மாதிரி ஒருத்தன் ஏறாமலேயே போயிங் வரிசை நிரம்பி வழிகிறது. 737-ன் உடல் 1950-களில் வந்த 707-ன் அகலத்தில் செய்தது, ஏர்பஸ் 320 பிறகு வந்தபோது வெளியளவில் ஏழு அங்குலம் கூட வைத்தார்கள். பெரிய விமானம் என்றால் தாராளமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். போயிங் 777-ல் முன்பு வரிசைக்கு ஒன்பது சீட், இப்போது நிறைய நிறுவனங்கள் பத்து வைத்திருக்கின்றன, கடைசியில் அதே 17தான்.

சீட் இப்படிக் குறுகுவதைச் சட்டம் போட்டாவது நிறுத்துவார்களா என்றால், அமெரிக்காவில் 2018-ல் குறைந்தபட்ச சீட் அளவை நிர்ணயிக்கச் சொல்லி நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது. 2022-ல் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். அதிலும் அவர்கள் பார்த்தது ஆபத்து வந்தால் 90 வினாடிக்குள் எல்லோரும் இறங்க முடியுமா என்பதைத்தான், உட்கார வசதியா என்பதை இல்லை. அதனால் நம் பிரச்சினையை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, முதல் வழி, எல்லோரும் செய்வது: நடுக் கைப்பிடியை மேலே தூக்கிவிட்டு அனுசரித்துப் போவது. டவுன் பஸ்ஸில் "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று வளர்ந்தவர்கள் நாம், நமக்கு இது இயல்பாக வரும் என்று நானும் நினைத்திருந்தேன். ஒருமுறை எனக்கு நடு சீட், ஏனென்றால் கம்பெனியில் டிக்கெட் போட்ட பையன் சீட் தேர்வுக்கு முன்னூறு ரூபாய் கட்ட மனசு வரவில்லை. ஜன்னல் பக்கம் மடியில் பையோடு ஒரு வயதான அம்மா, இந்தப் பக்கம் லேப்டாப்போடு ஒரு தம்பி. உட்கார்ந்ததும் அந்தத் தம்பி என் முகத்தைப் பார்க்காமல் கைப்பிடியை இறக்கினான். அது முழுதாக இறங்கவில்லை, என் தொடை மேல் சரிவாக நின்றது. அவன் அதை ஒரு அழுத்து அழுத்தினான். நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று மணி நேரமும் தோப்புக்கரணம் போடுகிறவன் மாதிரி இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு வந்தேன், சாப்பிட வாங்கிய சாண்ட்விச்சைப் பிரிக்கக்கூட இல்லை. ஹோட்டலில் போய்ப் பார்த்தால் இடுப்பில் பெல்ட் போட்ட மாதிரி ஒரு சிவப்புக் கோடு.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் உண்டா என்றால், அன்றைக்கு இருந்தது. அப்புறம் மைத்துனன் அவன் கதையைச் சொன்னான். துபாயிலிருந்து சென்னைக்கு நாலு மணி நேரம், பக்கத்தில் என்னைவிடப் பெரிய மனிதர், மிகவும் மரியாதையாக "கைப்பிடியைத் தூக்கிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார், இவனும் சரி என்றிருக்கிறான். "சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க மாமா, முழு சீட்டுக்குக் காசு குடுத்துட்டு முக்கா சீட்ல உக்காந்து வந்தேன். ஒரு பக்கமா சாஞ்சே வந்ததுல மூணு நாள் கழுத்த திருப்ப முடியல. அவர் நல்லவர்ங்கறதால வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லவும் முடியல." இதற்கு என்னிடம் பதில் இல்லை. கைப்பிடியைத் தூக்குவது மனைவியோடு, மகளோடு போகும்போது அருமையான ஏற்பாடு, செலவும் இல்லை. முன்பின் தெரியாத ஆளிடம் அது கேட்டு வாங்குகிற தானம், கொடுத்தவருக்குத்தான் கழுத்து வலிக்கும். அவரிடம் "முடியாது" என்று சொல்ல உரிமையும் இருக்கிறது, யுனைடெட் மாதிரி சில அமெரிக்க நிறுவனங்கள் கைப்பிடி முழுதாக இறங்கி இறங்கியபடியே இருக்க வேண்டும் என்று விதியாகவே எழுதி வைத்திருக்கின்றன.

இரண்டாவது வழி, ஏர்ஹோஸ்டஸைக் கூப்பிட்டு சீட் மாறுவது. விமானத்தில் காலி இருந்தால் இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம், இலவசம், இருவருக்கும் நிம்மதி. ஆனால் நேரம் பார்த்துக் கேட்க வேண்டும். ஆட்கள் ஏறிக்கொண்டிருக்கும்போது கேட்டால் அவர்களுக்கே எது காலி என்று தெரியாது. கதவு மூடியபிறகு கேளுங்கள். சின்ன விமானம் என்றால் எடைச் சமநிலை பார்ப்பார்கள் என்பதால் மேலே ஏறியபிறகு மாறிக்கொள்ளச் சொல்வார்கள். அப்புறம் ஒல்லியாக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இருக்கையில் உட்கார்ந்தபடி என் தலைக்கு மேலே பேசாதீர்கள். எழுந்து பின்னால் போய், சாப்பாடு எடுத்துவைக்கிற பகுதியில் நிற்கிற ஏர்ஹோஸ்டஸிடம் மெதுவாகச் சொன்னால் அவர் வந்து "சார், உங்களுக்கு வசதியா இருக்கட்டுமேன்னு" என்று ஆரம்பித்து யாரையும் புண்படுத்தாமல் முடித்துவிடுவார். மைத்துனன் இப்போது அப்படித்தான் செய்கிறான். இதன் ஒரே குறை, விமானம் நிரம்பியிருந்தால் இந்த வழியே கிடையாது, டெல்லி விமானம் என் அனுபவத்தில் பெரும்பாலும் நிரம்பித்தான் போகிறது.

மூன்றாவது, நானே இரண்டு சீட் வாங்குவது. இண்டிகோ 2020-ல், கொரோனா சமயத்தில், ஒரே ஆளுக்கு இரண்டு சீட் என்று விற்க ஆரம்பித்தது, பக்கத்தில் யாரும் உட்காரக் கூடாது என்று பயந்தவர்களுக்காக. எமிரேட்ஸ் 2021-லிருந்து பக்கத்தில் காலியாக இருக்கிற சீட்டுகளை விமான நிலையத்திலேயே காசுக்குக் கொடுக்கிறது. யாருக்காகக் கொண்டுவந்தார்களோ, எனக்கு உதவியது. முதல்முறை வாங்கியபோது, நிறுவனத்தின் பெயர் வேண்டாம், கவுன்ட்டரில் இரண்டு போர்டிங் பாஸ் கொடுத்தார்கள், எனக்கு 14பி, என் இடுப்புக்கு 22ஈ. சிரிக்கிறீர்கள், கவுன்ட்டரில் இருந்த பெண்ணும் சிரித்தார், பிறகு சரிசெய்து கொடுத்தார். வலைத்தளத்தில் வாங்கிவிட்டு அப்படியே விடாமல் போன் போட்டு இரண்டு சீட்டும் ஒட்டியிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போனபிறகு இன்னொரு தொல்லை, காலி சீட்டைப் பார்த்து யாராவது வந்து "இங்க யாரும் இல்லையே?" என்று உட்காரப் பார்ப்பார்கள். அந்தப் போர்டிங் பாஸைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். அன்றைக்கு எனக்கு 7,200 ரூபாய் டிக்கெட், இரண்டாவது சீட்டுக்கு 5,400. தூங்கிக்கொண்டே போனேன், ஜன்னலோரம் இருந்தவரும் தூங்கினார்.

இந்த இரண்டாவது டிக்கெட் காசை யார் கொடுப்பது என்பதில் உலகத்தில் ஒருமித்த கருத்தே இல்லை. கனடாவில் 2008 ஜனவரியில் போக்குவரத்து ஆணையம் ஒரு ஆளுக்கு ஒரு கட்டணம்தான் என்று தீர்ப்புச் சொன்னது: உடல் பருமன் ஒரு குறைபாடாகவே ஆகிவிட்டவர்களுக்கு உள்நாட்டு விமானத்தில் இரண்டாவது சீட் இலவசம். விமான நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் வரை போயும் வழக்கு எடுபடவில்லை, 2009-ல் நடைமுறைக்கு வந்தது. இதற்கு நேர் எதிர், சமோவா ஏர் என்ற குட்டி நிறுவனம், ஆளை எடை மிஷினில் ஏற்றி கிலோ கணக்கில் டிக்கெட் போட்டது, 2013-ல் உலகம் முழுக்கச் செய்தியானது. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் இரண்டுக்கும் நடுவில் நின்றது, இரண்டாவது சீட்டை வாங்கினால் பயணம் முடிந்ததும் காசைத் திருப்பிக் கொடுத்துவிடும், வாசலில் கேட்டாலே சும்மாவும் கொடுக்கும். 2026 ஜனவரியில் அவர்களும் இறுக்கிவிட்டார்கள், முன்கூட்டியே வாங்க வேண்டும், விமானத்தில் வேறு சீட் காலியாகப் போனால்தான் பணம் திரும்பும். மைத்துனனுக்குச் சமோவாக் கணக்குதான் நியாயம் (58 கிலோ அல்லவா). எனக்குக் கனடா பிடிக்கும் என்று சொல்லவே வேண்டாம், ஆனால் மருத்துவச் சான்றிதழ் வாங்கி நான் குறைபாடுள்ளவன் என்று நிரூபிக்க வேண்டுமென்றால் 5,400-ஐக் கட்டிவிட்டுப் போய்விடுவேன்.

நான்காவது வழியில் ஏமாந்துவிடாதீர்கள். கூடுதல் காசு வாங்கிக்கொண்டு முதல் வரிசையையும் அவசர வழி வரிசையையும் விற்கிறார்களே, அது கால் நீளமானவர்களுக்கு, அகலமானவர்களுக்கு இல்லை. முதல் வரிசைக்கு முன்னால் சீட் கிடையாது, அதனால் சாப்பாட்டுத் தட்டுப் பலகை கைப்பிடிக்குள்ளேயே மடங்கியிருக்கும், கைப்பிடி தடியாக, அசைக்க முடியாததாக இருக்கும், உட்காரும் இடம் இன்னும் குறையும். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து நான் போய் மாட்டிக்கொண்டது அப்படித்தான், காலை நீட்டினேன், இடுப்பை நகர்த்த முடியவில்லை. அவசர வழி வரிசையில் எக்ஸ்டென்ஷன் பெல்ட் (சீட் பெல்ட் எட்டாதவர்களுக்குக் கொடுக்கிற கூடுதல் பட்டை) போடுகிறவர்களைப் பல நிறுவனங்கள் உட்காரவே விடாது, எழுப்பி நடு சீட்டுக்கு அனுப்பிவிட்டால் கட்டின காசுக்குப் பின்னால் அலைய வேண்டும்.

பிசினஸ் வகுப்பு பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஒரே நடைபாதை உள்ள விமானங்களில் பக்கத்துக்கு இரண்டே சீட், அகலமாக இருக்கும், இண்டிகோகூட 2024 நவம்பரில் டெல்லி-மும்பையில் அப்படி ஒன்றை ஆரம்பித்தது. நான் இரண்டு சீட்டுக்கு 12,600 கொடுத்த அதே நாளில் பிசினஸ் 19,000-க்கு மேல். கம்பெனி கொடுத்தால் போங்கள்.

ஐந்தாவதுதான் இப்போது நான் செய்வது, செலவு குறைவு, கொஞ்சம் மெனக்கெட வேண்டும்: விமானத்தையும் சீட்டையும் பார்த்து டிக்கெட் போடுவது. டிக்கெட் போடும் பக்கத்திலேயே எந்த விமானம் என்று சின்ன எழுத்தில் இருக்கும். ஒரே நேரத்துக்கு 737-ம் 320-ம் இருந்தால் ஐந்நூறு ரூபாய் கூட இருந்தாலும் 320. சென்னையிலிருந்து சேலம், தூத்துக்குடி மாதிரி ஊர்களுக்கு ஏடிஆர் என்கிற சின்ன விமானம் போகிறது, அதில் இந்தப் பக்கம் இரண்டு அந்தப் பக்கம் இரண்டு, நடு சீட் என்ற கொடுமையே இல்லை (ஜன்னல் பக்கச் சுவர் வளைந்து வந்து தோளை இடிக்கும், அது வேறு விஷயம்). வெளிநாடு போகிற தம்பதிக்கு ஏர்பஸ் 330 நல்லது, பெரும்பாலும் ஓரத்தில் இரண்டிரண்டு சீட்டாக இருக்கும், கைப்பிடியைத் தூக்கிவிட்டால் அந்த வரிசையில் மூன்றாவது ஆளுக்கு வேலையில்லை.

அப்புறம் சீட். ஜன்னலா நடைபாதையா என்று கேட்டால், ஒல்லி ஆட்களுக்கு ஜன்னல், எனக்கு நடைபாதை ஓரம். டிராலி வந்து தோளில் இடிக்கும், டீ கொண்டுபோகிறவரின் கை என் தலைக்கு மேலே ஆடும், எல்லாம் உண்மை. ஆனால் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. நிறைய விமானங்களில் நடைபாதைப் பக்கக் கைப்பிடியும் மேலே போகும். அதன் அடியில், முதுகுச் சாய்வோடு சேர்கிற இடத்துக்குப் பக்கத்தில், விரலால் தடவினால் சின்னதாக ஒரு பொத்தான் மாதிரித் தட்டுப்படும், அதை அழுத்திக்கொண்டே தூக்க வேண்டும். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் கைப்பிடி கீழே இருக்கணும், நடுவில் இரண்டு மணி நேரம் உங்களுடையது. இடுப்பு நடைபாதைப் பக்கம் இரண்டு அங்குலம் வழியும், நடு சீட்டுக்காரர் பக்கம் வழியாது, அவர் கைப்பிடியும் அவருக்கே. இதை எனக்குச் சொல்லித் தந்தது ஒரு ஏர்ஹோஸ்டஸ், அந்த ஒரு தகவலுக்கு முன் நான் கட்டிய எல்லாக் கூடுதல் கட்டணமும் வீண்.

இப்போதைய வழக்கம் இதுதான்: இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் 320, நடைபாதை சீட், அவ்வளவே. அதற்கு மேல் என்றால், அல்லது விமானம் 737-தான் என்றால், இரண்டு சீட். மைத்துனனும் இதை ஏற்றுக்கொண்டான், ஆனால் அடுத்த மாதம் டெல்லிக்குக் கல்யாணத்துக்குப் போகிறோம், மூன்று பேருக்கும் ஒரே வரிசை, நடு சீட் அவனுக்கு என்றதும் "இல்ல மாமா, அக்காவ நடுவுல போடுங்க" என்கிறான்.

எக்ஸ்டென்ஷன் பெல்ட் வேண்டியவர்கள் உட்கார்ந்தபிறகு பட்டனை அமுக்கிக் கூப்பிடாதீர்கள், ஏர்ஹோஸ்டஸ் அதை எல்லோரும் பார்க்க ஆட்டிக்கொண்டே வருவார். ஏறும்போதே வாசலில் வணக்கம் சொல்கிறவரிடம் காதோடு சொல்லுங்கள், மடித்துக் கையில் கொடுத்துவிடுவார்.